செப்புத் தகடும் இரும்பாணியும்

மரக்கலம் செலுத்திய நாடுகள் யாவும் கப்பற் புழுவுக்கு அஞ்சின. வெப்பக் கடல்களில் இச்சிற்றுயிர் கப்பலின் அடிப்பலகைகளைத் துளைத்து வலுவிழக்கச் செய்தது. பாசியும் சிப்பியும் படிந்து அதன் வேகத்தைக் குறைத்தன. இவற்றைத் தடுக்கும் பொருட்டு, ஆங்கிலக் கடற்படையினர் 1761 ஆம் ஆண்டில் 'அலாம்' என்னும் 32 பீரங்கிப் போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகடுகளாற் போர்த்து, மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பினர்.

1763 இல் அக்கப்பலை ஆராய்ந்தபோது, செம்பு மூடிய பலகையைப் புழு தீண்டவில்லை என்பது தெரிந்தது. ஆயின் தகடுகளைப் பிணித்த இரும்பாணிகள் பல உருக்குலைந்திருந்தன. தகடுகள் சில கழன்றிருந்தன. இரு உலோகங்களுக்குமிடையே பழுப்புத் தாள் தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் பழுதின்றி விளங்கின. இரும்பு கெட்டதற்குக் கடல்நீரேயன்றிச் செம்பின் தொடர்பும் காரணமென்பது இதனாற் புலனாயிற்று.

எனினும் இப்படிப்பினை முழுமையாகக் கைக்கொள்ளப்படவில்லை. அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலத்தில் (1775-1783) வேகத்தை வேண்டிப் பெரும்பாலான போர்க்கப்பல்களுக்குச் செப்புக் கவசம் இடப்பட்டது. இடையே தாளும் பூச்சும் இட்டும் கடல்நீர் உட்புகுந்தது. மரங்களைப் பிணித்த பெரிய இரும்பாணிகள் கண்ணுக்குப் புலப்படாமலே தேய்ந்தன; மாலுமிகளின் உயிரோ அவற்றையே நம்பியிருந்தது. 1780 களிற் செம்பாலும் செப்புக் கலவையாலும் ஆன ஆணிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

நோய் தீர்ந்த பின்னரே அதன் காரணம் விளங்கிற்று. இரு வேறு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை வோல்ற்றா 1800 இல் வெளியிட்ட மின்னடுக்கு காட்டியது. 1824 இல் ஹம்பிறி டேவி இவ்வுண்மையைப் பயன்படுத்தி, செப்புக் கவசத்தோடு நாகத்தையோ இரும்பையோ இணைத்தார். அவை கரையச் செம்பு காக்கப்பட்டது. ஆனால் கரையாத செம்பிற் பாசியும் சிப்பியும் மீண்டும் படிந்தமையால், அம்முறை அன்று கைவிடப்பட்டது. பிற்காலத்து இரும்புக் கப்பல்களுக்கோ அதுவே காப்பாயிற்று.

உருக்கி ஒட்டிய இக்கால இணைப்புக்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஒட்டும் உலோகத்தின் கூறு தகட்டின் கூறினின்றும் வேறுபடின், கடல்நீரில் இரண்டும் ஒரு மின்கலமாகும். அகன்ற தகட்டினிடையே ஒடுங்கிய ஒட்டே கரையும் பக்கமாயின், அரிப்பு முழுவதும் அச்சிறு பரப்பிற் செறிந்து விரைவிற் கேடு விளைக்கும். அகன்ற செம்பினிடையே சிறிய இரும்பாணி அடைந்த கதியும் இதுவே. ஆதலின் இணைக்கப்படும் பொருளை மட்டுமன்றி, இணைக்கும் பொருளையும் ஆராய்ந்து தேர்தல் வேண்டும் என்பதே 'அலாம்' கப்பல் விட்டுச்சென்ற பாடமாகும்.