கோபுரத்தில் இல்லாத பெயர்கள்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் நெடுஞ்சாலையில், கடுகண்ணாவைக் கணவாயின் எழிலை வியவாதார் இலர். ஆனால் அச்சாலை அழகுக்காகப் பிறந்ததன்று. 1815இல் கண்டி பிரிட்டிஷார் வசமாயிற்று. 1817-18இல் ஊவாவில் கிளர்ச்சி மூண்டது. படைகள் விரைந்து மலையேற வழி வேண்டுமென்ற கவலையே 1820இல் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்சை இச்சாலைப் பணியில் இறக்கியது.

பாறையைக் குடைந்தும், வளைவுகளால் ஏற்றத்தைத் தணித்தும் அதனை அமைத்தவர் பொறியியலாளர் கப்டன் டோசன். 1829இல் அவர் மறைந்தார். நண்பர்கள் பணந்திரட்டி, 1832இல் கடுகண்ணாவையில் அவருக்கு நினைவுக் கோபுரம் எழுப்பினர். அறிவுக்குச் செய்த அம்மரியாதையை நாம் குறைகூறோம். ஆயின் மண் சுமந்து, கல் உடைத்தவர் யாவர்? இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்திற் பிடிபட்ட சிங்களக் குடியானவரே பெரும்பாலோர். அவ்வூழியம் சட்டப்படி ஒழிந்ததும் அதே 1832இல்தான்!

பின்னர் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்தனர். அவர்கள் வியர்வையும் இதே மலைகளில்தான் ஊறியது. யட்டியாந்தோட்டையிலிருந்து அட்டனுக்கு ஏறும் சாலையின் பசுமையும் அதற்குச் சான்று. கல்லிற் பொறித்த ஒரு பெயரோடு, பொறிக்கப்படாத பல்லாயிரம் கைகளையும் நம் மாணவர்க்குக் கற்பிப்போம். அதுவே முழு வரலாறு.