ஆயிரத்து ஐந்நூறாவது குழந்தை
தீவுகளின் கதை – 9

நவுரு என்ற பெயரை நம்மில் பலர் அகதிகள் பற்றிய செய்திகளில்தான் முதலில் பார்த்திருப்போம். படகேறி வந்தவர்களைத் தன் கரையில் இறங்கவிடாமல் ஆஸ்திரேலியா அனுப்பிவைத்த தீவு அது. 2012 செப்டம்பரில் அங்கே முகாம் மறுபடி திறக்கப்பட்டபோது முதலில் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள் இலங்கைத் தமிழர்கள். முகாமின் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த மண்ணுக்கு உரியவர்கள் யார், அவர்கள் பட்ட பாடு என்ன என்பதை யாரும் எழுதுவதில்லை. முகாமைப் பற்றி அத்தனை செய்தி படித்த நமக்கு அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாது என்பது சரியில்லை.

பசிபிக் பெருங்கடலில், பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது நவுரு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கரையோரமாகத் தீவைச் சுற்றிவரும் சாலையின் நீளம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். காலையில் நடக்கத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் ஒரு நாட்டையே வலம் வந்துவிடலாம். மக்கள் சுமார் 12,000 பேர். தலைநகரம் என்று சட்டப்படி எதுவும் கிடையாது. நாடாளுமன்றம் யாரென் என்ற மாவட்டத்தில் இருப்பதால் அதையே தலைநகரமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மிக அருகில் இருக்கும் நிலம் சென்ற வாரம் நாம் பார்த்த பனாபா. அதுவே 300 கிலோமீட்டர் கிழக்கே!

தீவைச் சுற்றிலும் பவளப்பாறைத் திட்டு. அதைத் தாண்டினால் கடல் சட்டென்று பாதாளமாக இறங்கிவிடும். கப்பல் நங்கூரம் பாய்ச்சத் தரை எட்டாது. கரையை ஒட்டி ஒரு குறுகிய மண் பட்டை, அதில் தென்னையும் தாழையும். ஊர்கள் எல்லாம் அந்தப் பட்டையில்தான். அதற்குப் பின்னால் பாறை சுவர்போல எழும்ப, மேலே மேட்டுநிலம். தென்மேற்கில், உள்ளே தாழ்வான ஓரிடத்தில் புவாடா என்ற குளம். ஆறு கிடையாது, ஓடை கிடையாது. மழை சில வருடம் கொட்டும், சில வருடம் மாதக்கணக்கில் பொய்த்துவிடும்.

இந்த இடத்தில் மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. கடலோரப் பாறைத்திட்டில் பால்கெண்டைக் குஞ்சுகளைப் பிடிப்பார்கள். அவற்றை உடனே குளத்தில் விட்டால் செத்துவிடும். சிரட்டையில் வைத்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நீரைப் பழக்கியபின்தான் புவாடாவில் விடுவார்கள். குளத்தில் குடும்பத்துக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஒரு வரப்பு. விருந்து என்றால் அந்த மீன்தான். 1960களில் வெளியிலிருந்து வந்த ஜிலேபி கெண்டை குளத்தை நிறைத்து, இந்தப் பழைய வளர்ப்பையே கெடுத்துவிட்டது.

ஃப்ரிகேட் என்கிற பெரிய கருநிறக் கடற்பறவையைப் பிடித்துப் பழக்குவது அவர்களுடைய வீர விளையாட்டு. பழகிய பறவைகளைக் கடலோரத்துப் பரண்களில் மீன் கொடுத்து உட்காரவைத்திருப்பார்கள். அவற்றைப் பார்த்துக் காட்டுப்பறவை தாழப் பறந்து வரும்போது, நுனியில் எடை கட்டிய கயிற்றை வீசிச் சிறகைச் சுற்றி இழுப்பார்கள். பறவை தப்பினால் அவமானம், சிக்கினால் ஊர் முழுக்கப் பேச்சு.

குலங்கள் பன்னிரண்டு. பிள்ளைக்குத் தாயின் குலம்தான் குலம். நவுருவின் கொடியைப் பார்த்தால் நீலத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு ஓடும். அது பூமத்திய ரேகை. அதற்குக் கீழே பன்னிரண்டு முனைகளோடு ஒரு வெள்ளை நட்சத்திரம். இன்று அந்தப் பன்னிரண்டு குலங்களில் இரண்டு அற்றுப்போய்விட்டன. கொடியிலிருந்து அவற்றின் முனைகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

வெள்ளைக்காரர் கண்ணில் தீவு பட்டது 1798இல். ஜான் ஃபேர்ன் என்ற கப்பல் தலைவர் கடந்துபோகையில், தோணிகளில் வந்த மக்களின் இணக்கத்தைக் கண்டு 'இனிய தீவு' என்று பெயர் வைத்தார். 1830களிலிருந்து திமிங்கல வேட்டைக் கப்பல்கள் தண்ணீருக்கும் உணவுக்கும் ஒதுங்கின. பதிலுக்குத் தந்தவை துப்பாக்கியும் சாராயமும். 1878இல் ஒரு விருந்தில் மூண்ட சண்டையில் துப்பாக்கி வெடித்து ஓர் இளம் தலைவர் இறக்க, குலத்துக்குக் குலம் பழிவாங்கிப் பத்து வருடம் சுட்டுக்கொண்டார்கள். 1888இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்து, தலைவர்களைப் பிடித்துவைத்து ஆயுதங்களைக் கேட்டபோது 765 துப்பாக்கிகள் குவிந்தன. அப்போது மிஞ்சியிருந்த மக்கள் ஏறக்குறைய 900 பேர். தலைக்கு ஒரு துப்பாக்கி என்று சொல்லலாம். ஜெர்மனி தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

அடுத்து வந்தது கல். சிட்னியில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து ஒரு கல் கிடந்தது. நவுருவிலிருந்து யாரோ கொண்டுவந்தது. கல்லாகிப்போன மரம் என்று நினைத்திருந்தார்கள். 1899இல் அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் அதைச் சோதித்துப் பார்க்க, உயர்தரப் பாஸ்பேட் என்று தெரிந்தது. தீவின் மேட்டுநிலம் முழுக்க அதேதான். பனாபாவில் வருடத்துக்கு 50 பவுண்டு வீதம் 999 வருடத்துக்கு எழுதி வாங்கிய கதையைப் போன வாரம் பார்த்தோமே, அந்த ஒப்பந்தத்தை முடித்தவரும் இதே எல்லிஸ்தான். நவுருவில் 1906இல் தோண்டத் தொடங்கினார்கள். சீனாவிலிருந்தும் அக்கம்பக்கத் தீவுகளிலிருந்தும் கூலியாட்கள் வந்தார்கள். நிலத்துக்காரருக்கு டன்னுக்கு அரைப் பென்னி.

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா தீவைப் பிடித்தது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து 42, 42, 16 விழுக்காடு என்று பாஸ்பேட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளின் புல்லும் கோதுமையும் அந்த மலிவான உரத்தில் தழைத்தன. நவுருவின் மேட்டுநிலத்தில் மண்ணைச் சுரண்டியெடுத்த இடமெல்லாம் ஆள் உயரத்துக்கும் மேலான சுண்ணாம்புப் பாறைக் கூம்புகள் நின்றன. அங்கே விதைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, நடப்பதே கஷ்டம்.

1920இல் இன்ஃபுளூயன்சா வந்து நவுரு மக்களில் 18 விழுக்காட்டினரைக் கொண்டுபோனது. ஓர் இனம் பிழைத்திருக்கக் குறைந்தது 1,500 பேர் வேண்டும் என்று கிரிஃபித்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிர்வாகி சொல்லிவைத்தார். அந்த எண்ணை எட்டும் நாளை விடுமுறையாகக் கொண்டாடுவோம் என்று மக்கள் முடிவுசெய்தார்கள். ஒவ்வொரு பிறப்பும் ஒவ்வொரு சாவும் ஊர்க்கணக்கில் ஏறியது. 1932 அக்டோபர் 26இல் ஒரு பெண் குழந்தை பிறந்தாள். ஆயிரத்து ஐந்நூறு! அங்காம் தினம் என்ற பெயரில் அந்த நாள் நவுருவில் இன்றும் பெரிய திருநாள். சாமிக்கோ அரசருக்கோ எடுக்கும் விழா இல்லை இது. நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்பதற்காகவே ஒரு விழா. உலகத்தில் இப்படி இன்னொரு பண்டிகையை நான் அறியேன்.

பத்து வருடம்கூட அந்த நிம்மதி நிற்கவில்லை. 1942 ஆகஸ்டில் ஜப்பானியப் படை இறங்கியது. விமான ஓடுதளம் போட மக்களை வதைத்து வேலை வாங்கினார்கள். தொழுநோயாளிகள் 39 பேரைப் படகில் ஏற்றி நடுக்கடலில் கொன்றார்கள். 1943இல் நவுரு மக்கள் 1,200 பேரைக் கப்பலேற்றி, வடமேற்கே 1,600 கிலோமீட்டர் தள்ளியிருந்த ட்ரக் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். பட்டினியும் வயிற்றுக்கடுப்பும் குண்டுவீச்சும் சேர்ந்து அவர்களில் 463 பேரைத் தின்றன. அந்தக் காலம் முழுவதும் மக்களைக் கலையாமல் பிடித்துவைத்திருந்தவர் டிமதி டெட்டுடாமோ என்ற தலைவர்.

மிஞ்சிய 737 பேரும் 1946 ஜனவரி 31இல் ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்களை ஏற்றிவந்த டிரியென்சா, பாஸ்பேட் நிறுவனத்தின் கப்பல். மறுபடி கணக்கு, மறுபடி காத்திருப்பு. 1949இல் இரண்டாவது முறையாக 1,500 ஆனது.

ட்ரக்கிலிருந்து திரும்பியவர்களில் ஹாமர் டெரோபர்ட் என்ற இளம் ஆசிரியரும் ஒருவர். 1956இல் தலைமைத் தலைவரானார். பாஸ்பேட் தீர்ந்தபின் தீவு குடியிருக்க லாயக்காக இராது என்று சொல்லி, குவீன்ஸ்லாந்து கரையோரத்தில் கர்ட்டிஸ் என்ற தீவைத் தருகிறோம், எல்லாரும் அங்கே வந்துவிடுங்கள் என்றது ஆஸ்திரேலியா. குடியுரிமை உண்டு, தனிநாடு கிடையாது. 1964இல் நவுரு மறுத்துவிட்டது. அந்த மறுப்பை இந்தத் தொடரில் நாம் பார்த்தவற்றிலேயே துணிச்சலான முடிவு என்பேன். வந்தால் வசதியான வாழ்க்கை, மறுத்தால் தோண்டிப்போட்ட பாறைக்காடு என்று தெரிந்தே மறுத்தார்கள்.

1968இல் சுதந்திரம் வந்தது. எந்த நாளில் என்று பேச்சு வந்தபோது அவர்கள் தேர்ந்தது ஜனவரி 31, டிரியென்சா வந்த நாள். டெரோபர்ட் முதல் ஜனாதிபதி ஆனார்.

அதற்குள் தீவின் மூன்றில் ஒரு பங்கு தோண்டப்பட்டுவிட்டது. அதைச் சீர்செய்யும் செலவு யார் தலையில் என்று விசாரிக்க நவுரு 1986இல் ஓர் ஆணையம் அமைத்தது. அதன் தலைவர் இலங்கையின் சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. அந்த அறிக்கையையும், பன்னிரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஒரு நாடு ஆஸ்திரேலியாவை உலக நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.