உப்புக்காற்றில் போல்ட்டு இணைப்பு: முறுக்குவிசையும் முன்னிறுக்கமும்

காரைக்கால் கடற்கரையில் கோட்டுச்சேரிமேடு போன்ற மீனவர் ஊர்களில் படகு எஞ்சினைப் பொருத்துவதும் இரும்புச் சட்டங்களைக் கோப்பதும் பெரும்பாலும் போல்ட்டை நம்பியே. எவ்வளவு இறுக்குவது என்ற கேள்விக்கு டார்க் ரென்ச் காட்டும் முறுக்குவிசை எண்ணே விடையாகக் கொள்ளப்படுகிறது. உப்புக்காற்றில் அந்த எண் மட்டும் இணைப்பின் வலுவுக்குச் சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நட்டைத் திருக, போல்ட்டு சற்றே நீள்கிறது. அந்த இழுவிசையே முன்னிறுக்கம். தகடுகளை நெருக்கி, அவற்றிடையே உராய்வை எழுப்பி, வழுக்காமல் காப்பது அதுதான். ஆனால் நாம் தரும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்வுக்கும், 40 விழுக்காடு மரையின் உராய்வுக்கும் போய்விடுகிறது. முன்னிறுக்கமாக மாறுவது பத்தில் ஒரு பங்கே.

8.8 தரத்தில் 20 மி.மீ. போல்ட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இழுவிசைப் பரப்பு 245 சதுர மி.மீ.; எஃகுக் கட்டமைப்புக்கான இந்திய விதியான ஐஎஸ் 800:2007-இன்படி முன்னிறுக்கம் சுமார் 137 கிலோநியூட்டன். உராய்வைப் பொறுத்து மாறும் முறுக்குக் கெழு 0.20 என்றால் தேவையான முறுக்குவிசை 549 நியூட்டன் மீட்டர். மரை துருவேறிக் கெழு 0.30 ஆனால், அதே 549-க்குக் கிடைப்பது 91 கிலோநியூட்டன்தான். கிரீஸ் தடவிக் கெழு 0.15 ஆனால் கணக்கு 183-ஐத் தொடும். தகைவு 747 மெகாபாஸ்கலாகி, நெகிழ்வு எல்லையான 640-ஐத் தாண்டுவதால் போல்ட்டு மீளாமல் நீண்டுவிடும். தகடுகளின் முகமும் இவ்வாறே முடிவை மாற்றும். மணல் அல்லது குண்டுத்துகள் வீசித் துப்புரவாக்கிய முகத்துக்கு அவ்விதி தரும் வழுக்குக் கெழு ஏறத்தாழ 0.5, செவ்வீயம் பூசிய முகத்துக்கு 0.1. முன்னிறுக்கம் மாறாதபோதும், பாதுகாப்புக் காரணியால் வகுத்தபின் ஒரு போல்ட்டின் வழுக்குத் தாங்குதிறன் 55 கிலோநியூட்டனிலிருந்து 11-க்கு இறங்குகிறது. மரையில் குறைய வேண்டிய உராய்வு, தகட்டு முகத்தில் கூட வேண்டும். துரு தடுக்கும் நோக்கில் இரண்டிலும் ஒரே பூச்சைப் பூசுவது பிழை.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதாதா எனலாம். குறுக்கு அதிர்வில் முகங்கள் வழுக்கும்போதே நட்டு தானாகச் சுழன்று கழல்கிறது என்று 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் சோதனையில் காட்டினார். மேலும், முழு முன்னிறுக்கத்துக்கு வெகு முன்பே அந்த வாஷர் தட்டையாகிவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகு நல்லதல்லவா என்றால், ஏ2-70 தரத்தின் நெகிழ்வு எல்லை 450 மெகாபாஸ்கல்தான். எண்ணெயின்றி இறுக்கினால் மரை கவ்விப் பிடித்துக்கொள்ளும். 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலம்போல் பற்றவைத்துவிடலாமே என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் பழுதுபார்க்கக் கழற்றியாக வேண்டிய எஞ்சினுக்கு அவ்வழி இல்லை.

முறுக்குவிசையை விட்டு இழுவிசையையே அளக்கலாம் என்றால், அதற்கான கருவி விலை அதிகம் என்பதே வலுவான மறுப்பு. எஃகுச் சட்டங்களுக்கு மலிவான மாற்று உண்டு. தகடுகள் நன்கு படிந்ததும் நட்டிலும் தகட்டிலும் ஒரே கோடாகக் குறியிட்டு, பிறகு நட்டை அரைச்சுற்று திருப்புவதே அது. 20 மி.மீ. போல்ட்டின் மரையிடை 2.5 மி.மீ. என்பதால் நட்டு 1.25 மி.மீ. முன்னேறியே ஆக வேண்டும். உராய்வு எதுவானாலும் அந்தத் தூரம் மாறாது. விட்டத்தைப்போல் நான்கு முதல் எட்டு மடங்கு நீளமுள்ள போல்ட்டுக்கே இந்த அளவு பொருந்தும். மெதுவாக அமுங்கும் ஃபைபர் படகின் உடலுக்கு இம்முறை பொருந்தாது. அங்கே அகன்ற எஃகுத் தகடும் அவ்வப்போது மறு இறுக்கமும் வேண்டும். ஆகவே கடலோர வேலைக்கான வரைபடம் முறுக்குவிசை எண்ணோடு நின்றுவிடக் கூடாது. வேண்டிய முன்னிறுக்கம், மரைக்கு உரிய மசகு, தகட்டு முகத்தின் நிலை, சுழற்சி அளவு ஆகிய நான்கையும் எழுத வேண்டும்.