பாரிஸ் முற்றுகையும் என் ஃபாஸ்டிங் சுகரும்

போன மாசம் ரிப்போர்ட் வந்தது. ஃபாஸ்டிங் சுகர் 118, எடை 91 கிலோ. டாக்டர் மாத்திரை எழுதித் தருவார்னு கையை நீட்டினா, "மூணு மாசம் நடங்க, சாப்பாட்டைக் குறைங்க, அப்புறம் பாக்கலாம்"னு அனுப்பிட்டார். எங்கப்பாவுக்கு சர்க்கரையால் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். அதைப் பார்த்தவனுக்கு 'நடங்க' என்பது ஒரு வைத்தியமாகவே படலை. எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடிச்சான்னு தோண்ட ஆரம்பிச்சேன். 1870-ல் போய் நின்றது.

அந்த வருஷம் செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸைச் சுற்றி வளைத்தன. ஜனவரி வரை உள்ளே உணவு வரத்து கிடையாது. குதிரை, பூனை, எலி என்று கிடைத்ததைத் தின்றார்கள். மிருகக்காட்சி சாலை யானைகளைக்கூட விட்டுவைக்கலை. அந்த ஊரில் அப்போலினேர் பூஷார்தா என்று ஒரு மருத்துவர். குறைவாகச் சாப்பிடு, உடம்பை வருத்தி வேலை செய் என்று சர்க்கரை நோயாளிகளை ஏற்கெனவே விரட்டிக்கொண்டிருந்தவர். முற்றுகையின்போது அவருடைய நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரையே காணாமல் போனது! அவர் கெஞ்சியும் நடக்காததை பஞ்சம் நடத்திக் காட்டிவிட்டது. இன்சுலின் கண்டுபிடிக்க இன்னும் ஐம்பது வருஷம் இருந்த காலம் அது.

1921-ல் இன்சுலின் வந்தது. உடனே எல்லோரும், 'சர்க்கரை நோய்னா இன்சுலின் பற்றாக்குறை, ஊசி போட்டா சரி' என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1936-ல் லண்டனில் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் ஒரு எளிய சோதனை செய்தார். நோயாளிகளுக்கு குளுக்கோஸும் இன்சுலினும் ஒரே நேரத்தில் கொடுத்தார். சிலருக்கு ரத்த சர்க்கரை கட்டுக்குள் நின்றது. சிலருக்கோ இன்சுலின் போட்டதாகவே தெரியலை, பாட்டுக்கு ஏறியது. 1960-ல் யாலோவும் பெர்சனும் ரத்தத்தில் இருக்கும் இன்சுலினையே அளக்க வழி கண்டுபிடித்தார்கள். அளந்தால், நடுவயதில் சர்க்கரை வந்த பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, கூடவே இருந்தது.

அம்மா கூப்பிடுறது காதில் விழாத மாதிரி டிவி பார்க்கிற பையனை நினைச்சுக்குங்க. அம்மா குரல் ஏறிக்கிட்டே போகும். ஈரலிலும் தசையிலும் கொழுப்பு சேர்ந்தால் அவை இப்படித்தான் இன்சுலினுக்குக் காது கொடுப்பதில்லை. கணையம் இன்னும் இன்னும் சுரந்து கத்துகிறது. ஒரு நாள் தொண்டை கட்டிவிடும். ஆனால் நடக்கும்போது சுருங்கி விரிகிற தசை, இன்சுலின் சொல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தத் தசைக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடப்பது போதாதாம் (எனக்குத்தான் சொல்லிக்கிறேன் :-)).

என்னை அசைத்தது ஆஸ்திரேலியக் கதை. 1984-ல் வெளியான ஆய்வு, செய்தவர் கெரின் ஓடே. மேற்கு ஆஸ்திரேலியாவில் டெர்பி என்ற ஊர்ப் பக்கம் வாழ்ந்த பழங்குடியினரில் சர்க்கரை நோய் வந்த நடுவயதுக்காரர்கள் பத்து பேர். கடை மாவும் சர்க்கரையும் வருவதற்கு முன்னால் அவர்களின் முன்னோர் வேட்டையாடிப் பிழைத்தவர்கள். இந்தப் பத்து பேரும் ஏழு வாரம் அதே வாழ்க்கைக்குத் திரும்பினார்கள், ஓடேவும் கூடவே. கங்காரு, மீன், ஆமை, கிழங்கு, காட்டுத் தேன். தேடிப் பிடித்தால்தான் சாப்பாடு. ஒரு நாளைக்குக் கிடைத்தது சுமார் 1200 கலோரி. ஏழு வாரத்தில் சராசரியாக எட்டு கிலோ இறங்கியது. ஃபாஸ்டிங் சுகர் ஏறக்குறைய 210-லிருந்து 120-க்கு வந்தது. இன்சுலினும் பாதியாகக் குறைந்தது. கத்த வேண்டிய அவசியம் கணையத்துக்கு இல்லாமல் போச்சு!

இதில் உணவு எவ்வளவு, நடை எவ்வளவு, எடைக் குறைவு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மூன்றும் ஒன்றாக நடந்தவை.

'காட்டுக்கா போக முடியும்?'னு கேப்பீங்க. சென்னையிலேயே ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2006-ல் வந்தது. நோய் வாசலில் நின்ற என்னைப் போன்ற 531 பேர். மூன்று வருஷத்தில், சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலும் 40-தான். இத்தனைக்கும் நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை.

டாக்டர் மேல் இருந்த கோபம் அன்னிக்கே போயிடுச்சு. அப்பாவிடம் யாரும் 'நடங்க'ன்னு சொன்னாங்களான்னு அம்மாவைக் கேட்டேன். "சொன்னாங்க, யார் கேட்டா?"ன்னாங்க.

இன்னியோட பத்தொன்பது நாள் ஆச்சு. தினம் நாற்பது நிமிஷம் நடை, ராத்திரி சோறு கட். அடுத்த ரிப்போர்ட் வந்ததும் நம்பரைச் சொல்றேன், நல்லதோ கெட்டதோ.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சிட்டு போட்டுக்கிட்டிருக்கிற மாத்திரையை யாரும் நிறுத்திடாதீங்க!