கூடையும் பட்டாவும்: இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாப் பெண்களின் தொழில்

1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ 100 நாள் நடந்த இனப்படுகொலையில், ருவாண்டாவில் சுமார் 8 லட்சம் பேர் மாண்டதாக ஐ.நா. கணக்கிட்டது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் டுட்சி இன மக்கள். தப்பிய ஆண்களிலும் பலர் அண்டை நாடுகளுக்கு ஓடினர். கொலைக் குற்றச்சாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்னர் சிறையில் அடைக்கப்பட்டனர். மூன்றில் ஒரு குடும்பத்தைப் பெண்ணே தாங்கும் நிலை வந்தது.

அந்தப் பெண்களிடம் உழைப்பு இருந்தது, உரிமை இல்லை. மகளுக்கு நிலத்தில் பங்கு தரும் வழக்கம் அங்கே அப்போது இருக்கவில்லை. பழைய வணிகச் சட்டப்படி, கணவனின் இசைவில்லாமல் மனைவி கடை நடத்த முடியாமல் இருந்தது. கணவன் இறந்தபின் அவன் உடன்பிறந்தார் நிலத்தைக் கைப்பற்றிக்கொண்டால், விதவை எதை ஈடு காட்டிக் கடன் கேட்பாள்? 1999இல் நிறைவேறிய வாரிசுச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு வழங்கியது. 2009 முதல் சில ஆண்டுகளுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகள் அளந்து பதியப்பட்டன. மணமான தம்பதியர் நிலத்துக்கு இருவர் பெயரிலும் பட்டா கிடைத்தது. வேறெந்த உதவித் திட்டத்தையும்விட அடிப்படையான மாற்றம் இதுவே.

சட்டம் வரும்வரை பெண்கள் காத்திருக்கவில்லை. 1995 ஜனவரியில் 50 விதவைகள் கூடி 'அவேகா' சங்கத்தைத் தொடங்கினர். பெண்களுக்குக் கடன் கிடைக்கச் செய்வதற்காகப் இனப்படுகொலைக்கு முன்பே, 1987இல், உருவான 'துத்தெரிம்பெரே' அமைப்பு தன் பணியை மீண்டும் தொடர்ந்தது.

வெளியுலகம் நன்கறிந்த தொழில் கூடை முடைதல். கூம்பு மூடியுள்ள 'அகசேக்கே' கூடை திருமணச் சீராகக் கொடுக்கப்படுவது. நாட்டின் அரசுச் சின்னத்திலும் இடம்பெற்றது. புல்லைச் சுருள் சுருளாக வளைத்து, சாயமேற்றிய கற்றாழை நாரால் சுற்றித் தைத்து மேலெழுப்புவார்கள். நெருக்கமான தையல் என்பதால் ஒரு கூடை முடியப் பல நாள் பிடிக்கும். தாயிடமிருந்து மகள் கற்ற இந்த வீட்டுக் கைவேலையை, உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்து நாடு திரும்பிய சகோதரிகள் ஜேனட் நுகுபானாவும் ஜாய் ந்துங்குத்சேவும் ஏற்றுமதித் தொழிலாக்கினர். அவர்களின் 'கஹாயா லிங்க்ஸ்' நிறுவனத்தின் கூடைகள் 2005இல் அமெரிக்காவின் மேசிஸ் அங்காடிகளுக்குச் சென்றன. ஆப்பிரிக்கப் பொருள்களுக்கு அமெரிக்கா 2000இல் அளித்த சுங்க விலக்கும் கைகொடுத்தது. கணவனைப் பறிகொடுத்தவளும், கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்தவனின் மனைவியும் ஒரே குழுவில் அமர்ந்து முடைந்தார்கள். வருமானத்துக்காகச் சேர்ந்தவர்கள் பேசவும் தொடங்கினார்கள். இதைச் சிறிய சாதனையாகக் கருத இயலாது.

தெற்கே மராபாவில் 1999இல் உருவான காப்பிக் கூட்டுறவிலும் விதவைகள் பலர் சேர்ந்தனர். 2001இல் அங்கே கழுவுநிலையம் அமைந்து, பழத்தை முறையாகப் பதப்படுத்தத் தொடங்கியதும், மலிவாக விற்றுவந்த கொட்டைக்கு லண்டன் வரை நல்ல விலை கிடைத்தது.

ஆனாலும் குறைகள் தங்கின. தொலைதூர அங்காடியின் கொள்முதலை நம்பிய தொழில், அங்கே தேவை குறைந்தால் உடனே தளரும். அதைவிடப் பெரிய குறை சட்டத்திலேயே இருந்தது: 1999ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுத் திருமணம் செய்த மனைவிக்கே சொத்துரிமை அளித்தது. பதிவின்றிக் குடும்பம் நடத்திய பெண்கள் அதன் காப்புக்கு வெளியே நின்றார்கள்.