நம்பியார், ஓ. எம்.

ஓ. எம். நம்பியார் (ஒதயோத்து மாதவன் நம்பியார், 1932 – 19 ஆகஸ்டு 2021): தடகளப் பயிற்சியாளர். இளமையில் ஓட்டக்காரர், விமானப்படை வீரர். ஓட்டக்காரி பி. டி. உஷாவை உருவாக்கியவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்ட 1985-ஆம் ஆண்டில் அதைப் பெற்ற மூவரில் ஒருவர். கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் வடகரை, பய்யோளி ஊர்களுக்கு அருகிலுள்ள மணியூர் இவருடைய ஊர். இவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி 1976 முதல் 1990 வரையிலான பதினான்கு ஆண்டுகளைப் பற்றியவை. எண்பத்தொன்பது ஆண்டு வாழ்க்கையில் எஞ்சியவற்றுக்குச் சில வரிகளே உள்ளன. இக்கட்டுரையின் அமைப்பும் அதற்கு விலக்கன்று.

இளமை, விமானப்படை

கோழிக்கோடு குருவாயூரப்பன் கல்லூரியில் படிக்கும்போதே ஓட்டத்தில் பெயரெடுத்தார். படையில் சேர்ந்தால் ஓட்டத்தைத் தொடரலாம் என்று கல்லூரி முதல்வர் சொன்ன யோசனையே அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பர். 1955-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி, சார்ஜென்டாக ஓய்வுபெற்றார். அந்த ஆண்டுகளில் படைப்பிரிவுகளின் அணிக்காகத் தேசியப் போட்டிகளில் ஓடினார். இந்தியாவுக்காக ஓடும் வாய்ப்பு வரவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய முதல் முப்பது ஆண்டுகளில் ஓட்டக்காரர் ஒருவருக்கு மூன்று வேளை நல்ல சாப்பாடு, மைதானம், மாதச் சம்பளம் மூன்றையும் ஒருசேரத் தந்த இடம் பெரும்பாலும் பாசறைதான். மில்கா சிங் தரைப்படையிலிருந்து வந்தவர். 1982 தில்லி ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடையோட்டத்தில் தங்கம் வென்ற எம். டி. வல்சம்மாவின் பயிற்சியாளர் ஏ. கே. குட்டி, நம்பியாரைப் போலவே விமானப்படைக்காரர். கேரளப் பெண்கள் தடகளத்தில் தலையெடுத்த கதையின் பின்னால் சீருடையைக் கழற்றிவைத்த இத்தகைய ஆண்கள் சிலர் இருக்கிறார்கள்.

படையிலிருந்தபோதே பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளருக்கான பட்டயம் பெற்றார். 1961-இல் அரண்மனை வளாகத்தில் தொடங்கிய அந்நிறுவனத்தின் தகுதி, அன்று பயிற்சியாளர் வேலைக்கு ஏறக்குறைய கட்டாயம். கேரள விளையாட்டுக் கவுன்சிலைக் கட்டியெழுப்பிய கர்னல் ஜி. வி. ராஜா இவரை ஊருக்கு அழைத்துக்கொண்டார். ராஜா 1971-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் அமைந்த விளையாட்டுப் பள்ளியும், கவுன்சில் நடத்திய விளையாட்டுப் பிரிவுகளும் அடுத்த தலைமுறைக்கான நாற்றங்கால் ஆயின.

கண்ணூர்

1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. பயிற்சியாளர் நம்பியார். சேர்க்கப்பட்டவர்களில் பய்யோளியில் வளர்ந்த பன்னிரண்டு வயது உஷாவும் ஒருத்தி. அவளுக்கு மாதம் 250 ரூபாய் உதவித்தொகை.

நம்பியார் அவளை முதலில் எங்கே பார்த்தார் என்பதில் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. சேர்க்கைக்கான தேர்வில் என்பார் சிலர். பரிசளிப்பு விழா ஒன்றில் என்பார் வேறு சிலர். என்ன பார்த்தார் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்: ஒல்லியான உடல்வாகு, வேகமான நடை. பின்னாளில் பேட்டி கேட்டவர்களிடமெல்லாம் நம்பியார் இதையே சொன்னார். ஓட்டக்காரியை அவள் நடக்கும்போதே அடையாளம் கண்டுகொண்ட கண் அது.

1978-இல் கொல்லத்தில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான ஜூனியர் போட்டியில் உஷா ஆறு பதக்கங்கள் வென்றார். அவற்றில் நான்கு தங்கம். 100, 200 மீட்டர் ஓட்டங்களோடு தடையோட்டமும் உயரம் தாண்டுதலும் அந்தப் பட்டியலில் இருந்தன என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஆறு ஆண்டுகள் கழித்து நம்பியார் எடுத்த முடிவு ஒரேயடியாக வானத்திலிருந்து குதித்ததல்ல.

1980-இல் பதினாறு வயதில் உஷா மாஸ்கோ ஒலிம்பிக் சென்று, 100 மீட்டர் முதற்சுற்றோடு திரும்பினார். 1982 தில்லி ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி கிடைத்தது. 100 மீட்டரில் முந்தியவர் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா. 1983-இல் குவைத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 400 மீட்டரில் உஷாவுக்குத் தங்கம்.

பயிற்சி நடந்த இடங்களைச் சொல்லாமல் இந்தப் பகுதி நிறைவு பெறாது. பய்யோளிக் கடற்கரையில், அலை வந்து நனைத்துப் போகும் ஈர மணலில் உஷா ஓடினார். உலர்மணலில் கால் புதையும், ஒவ்வோர் அடியும் இழுக்கும். அலை விளிம்பிலோ மணல் இறுகியிருக்கும். கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது பாடம் நடத்தித் தெரியவேண்டிய செய்தியில்லை. மணல் ஓட்டம் கணுக்காலுக்கும் தொடைக்கும் வலு தருவது உண்மை. தடைகளுக்கிடையே அடி எண்ணி ஓடும் ஒழுங்கை அது தராது என்பதும் உண்மை. நம்பியாரின் முறையை அறிவியலுக்கு முந்தியது என்று குறை சொன்னவர்கள் உண்டு. கையிலிருந்ததைக் கொண்டு செய்ததில் அதுவே உச்சம் என்பவர்களும் உண்டு. இரண்டாவது தரப்பின் பக்கம் பதக்கங்கள் நிற்கின்றன.

லாஸ் ஏஞ்சலஸ், 1984

ஆண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டம் 1900 முதலே ஒலிம்பிக்கில் இருந்தது. பெண்களுக்கு அது சேர்க்கப்பட்டது 1984-இல்தான். பத்துத் தடைகள். ஒவ்வொன்றின் உயரமும் 76.2 சென்டிமீட்டர். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோடு 40 மீட்டர். குறுந்தூர ஓட்டத்தில் உலகத் தரத்துக்கு எட்டாத உஷாவை இந்தப் புதிய போட்டிக்குத் திருப்பினால் பதக்கம் எட்டக்கூடும் என்று நம்பியார் கணக்கிட்டார். கணக்கு ஏறத்தாழச் சரியாக இருந்தது. சோவியத் நாடும் அதன் நட்பு நாடுகள் பலவும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததும் வாய்ப்பைக் கூட்டியது.

அரையிறுதியில் உஷா 55.54 விநாடியில் முதலாவதாக வந்தார். இறுதி ஓட்டம் ஆகஸ்டு 8 அன்று நடந்தது. முதல் முயற்சி, ஆஸ்திரேலியாவின் டெபி ஃபிளின்டாஃப் முன்கூட்டியே கிளம்பியதால் நிறுத்தப்பட்டது. மீண்டும் ஓடியபோது மொராக்கோவின் நவால் எல் மூத்தவக்கில் 54.61 விநாடியில் தங்கம் வென்றார். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20. மூன்றாவது யார் என்பது உடனே தெரியவில்லை. படத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள்: ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜொகாரு 55.41, உஷா 55.42.

அந்த வேகத்தில் விநாடியின் நூற்றில் ஒரு பங்கு என்பது ஏழு சென்டிமீட்டர். உள்ளங்கை அகலம்தான்.

ஏன் நழுவியது என்பதற்கு மூன்று விளக்கங்கள் நடமாடுகின்றன. முதல் கிளம்பலில் உஷா மிக நன்றாகப் புறப்பட்டார், அது நிறுத்தப்பட்டதும் இசைவு குலைந்தது என்பது ஒன்று. முடிவுக்கோட்டில் மார்பை முன்னே தள்ளிப் பாயும் வழக்கம் கைவந்திருக்கவில்லை, இந்த ஓட்டத்தில் போட்டி அனுபவமும் குறைவு என்பது இரண்டாவது. நம்பியாரோடு சேர்த்துப் பெரிதும் பேசப்படுவது இதுவே. மூன்றாவது, நெடுங்காலம் கழித்து உஷாவே சொன்னது. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயுமாக நாட்களை ஓட்டியதில், கடைசி 35 மீட்டரில் உடலில் தெம்பு இல்லாமல் போனது என்றார். மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. எது எத்தனை சென்டிமீட்டர் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அதே ஒலிம்பிக்கில் வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம் ஆகியோரோடு உஷா ஓடிய 4×400 மீட்டர் தொடரோட்ட அணி இறுதிக்குச் சென்று ஏழாவதாக வந்தது. நான்காம் இடத்தின் நிழலில் இது மறைந்துபோனது நியாயமில்லை.

1985 முதல் 1990 வரை

1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். 100, 200, 400 மீட்டர், 400 மீட்டர் தடையோட்டம், 4×400 தொடரோட்டம் ஆகியவற்றில் தங்கம். 100 மீட்டருக்கு வெடிப்புவேகம் வேண்டும், 400 மீட்டர் தடையோட்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் வேண்டும். ஒரே உடலில் இரண்டையும் ஒரே வாரத்தில் உச்சத்துக்குக் கொண்டுவருவது பயிற்சியாளரின் வேலை. நம்பியாரின் திறமைக்குச் சான்று கேட்டால் லாஸ் ஏஞ்சலஸைவிட ஜகார்த்தாவையே காட்ட வேண்டும்.

மறு ஆண்டு சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. அந்தப் போட்டியில் இந்தியா வென்ற மொத்தத் தங்கமே ஐந்துதான். மிஞ்சிய ஒன்று மல்யுத்தத்தில் கர்தார் சிங் வென்றது. 1988 சியோல் ஒலிம்பிக்குக்கு உஷா குதிகால் காயத்தோடு போனார். தகுதிச் சுற்றிலேயே கடைசியாக வந்தார். நான்கு ஆண்டுகளாகத் தோளில் தூக்கி வைத்திருந்தவர்கள் இறக்கிவிட ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு தில்லி ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்று உஷா மீண்டார். 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் மூன்று வெள்ளி. அதன்பின் உஷா ஓய்வு அறிவித்தார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் களத்துக்கு வந்தார்.

விருது

விளையாட்டு வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961-இல் வந்தது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது வர மேலும் 24 ஆண்டுகள் ஆயின. வில்லாளிக்குப் பிறகுதான் வில் கற்பித்தவர் நினைவுக்கு வந்தார். 1985-இல் முதன்முறையாக அதைப் பெற்ற மூவர்: தடகளத்துக்கு நம்பியார், மல்யுத்தத்துக்கு பாலச்சந்திர பாஸ்கர் பாகவத், குத்துச்சண்டைக்கு ஓம் பிரகாஷ் பரத்வாஜ். அதே ஆண்டு உஷாவுக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. நம்பியாருக்கு அது அறிவிக்கப்பட்டது 2021-இல்.

மற்ற மாணவர்கள்

ஷைனி வில்சன் (முன்னர் ஷைனி ஆபிரகாம்), வந்தனா ராவ் ஆகியோருக்கும் இவர் பயிற்சி அளித்ததாகச் சில குறிப்புகள் கூறுகின்றன. எவ்வளவு காலம், எந்த அளவில் என்பதில் அவை சுருக்கமானவை. ஒரே மாணவியின் பயிற்சியாளர் என்ற பெயர் இவருக்குப் பெருமையாகவும் குறையாகவும் சொல்லப்பட்டிருக்கிறது.

ஒப்பிடத்தக்க ஒருவர்

ஆசியத் தடகளத்தில் நம்பியாருக்குச் சற்று முன்னால், ஓடி ஓய்ந்தபின் ஒரு பெண்ணை உருவாக்கிப் பெயர் பெற்றவர் இஸ்ரேலின் யூதப் பயிற்சியாளர் அமிட்சூர் ஷபிரா. 1932-இல் டெல் அவீவில் பிறந்தவர். ஆக, இருவரும் ஒரே ஆண்டுக்காரர்கள். ஐம்பதுகளில் குறுந்தூர ஓட்டக்காரராக இருந்து, பின்னர் விங்கேட் நிறுவனத்தில் கற்பித்தார். அவர் கண்டெடுத்த எஸ்தர் ஷகமோரோவ், இஸ்ரேல் ஆசியப் போட்டிகளில் பங்கேற்ற அக்காலத்தில், 1970 பாங்காக்கில் 100 மீட்டர் தடையோட்டத்திலும் ஐந்துபோட்டியிலும் தங்கம் வென்றார். இந்தியப் பெண்களில் முதல் ஆசியத் தங்கத்தைக் கமல்ஜித் சாந்து 400 மீட்டரில் வென்றதும் அதே பாங்காக்கில்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எஸ்தர் தடையோட்ட அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்தார். அந்த ஓட்டத்துக்கு முன்பே, பயங்கரவாதிகளின் தாக்குதலில் இறந்த பதினொரு இஸ்ரேலியர்களில் ஒருவராக ஷபிரா உயிரிழந்தார். எஸ்தர் ஓடாமல் நாடு திரும்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து மாண்ட்ரியாலில் இறுதிக்குச் சென்று ஆறாவதாக வந்தார். ஷபிராவை உலகம் அவருடைய மரணத்தால் நினைவில் வைத்திருக்கிறது, நம்பியாரை உஷாவால் நினைவில் வைத்திருக்கிறது. இருவரும் தாமே ஓடிய நாட்களுக்கு ஏடுகள் ஒதுக்கியது ஒரு வரி.

இறுதி ஆண்டுகள்

முதுமையில் நடுக்குவாத நோயால் படுக்கையில் இருந்தார். 2021 ஆகஸ்டு 7 அன்று டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். அது தடகளத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். அந்தச் செய்தியை நேரில் போய்ச் சொன்னதாகவும், நம்பியார் அதைப் புரிந்துகொண்டதாகவும் உஷா பின்னர் குறிப்பிட்டார். ஆகஸ்டு 19 அன்று நம்பியார் காலமானார். அவ்வாண்டுக்கான பத்ம விருதுகள் வழங்கப்பட்டது நவம்பரில்.

பின்னர்

உஷா 2002-இல் தடகளப் பள்ளி ஒன்றைத் தொடங்கித் தாமும் பயிற்சியாளரானார். அவருடைய மாணவி டின்டு லூகா 2010-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடி ஷைனி வில்சனின் தேசியச் சாதனையை முறியடித்தார். 2022-இல் உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரானார்.

2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசியப் போட்டியின் 400 மீட்டர் தடையோட்டத் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 55.42 விநாடியில் ஓடி, 39 ஆண்டுகளாக நின்ற உஷாவின் தேசியச் சாதனையைச் சமன் செய்தார். மறுநாள் இறுதி ஓட்டத்தை 55.68 விநாடியில் முடித்து வெண்கலம் பெற்றார்.