வெளிவராத முதல் பதிப்பு



நம் பிள்ளைகள் பள்ளியில் கணினியைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் நாமும் கைப்பேசியைப் பயன்படுத்துகிறோம். அவ்வப்போது திரையில், புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது. பக்கத்திலேயே 12 என்றோ 13.1 என்றோ ஓர் எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணை யார் போடுகிறார்கள்? எப்போது போடுகிறார்கள்? போடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? டெபியன் என்னும் மென்பொருள் தொகுப்பின் வரலாற்றைக் கொண்டு இவற்றுக்கு விடை காண்போம்.

மென்பொருள் என்பது கணினிக்கு மனிதன் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுதி. பல நிறுவனங்கள் அக்கட்டளைகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, அவற்றால் வரும் பயனை மட்டும் விற்கின்றன. திறமூல மென்பொருள் அப்படிப்பட்டதன்று. பலகாரத்தைக் கொடுக்கும்போதே அதன் செய்முறையையும் எழுதிக் கொடுப்பது போன்றது அது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் லினக்ஸ் என்னும் அடிப்படை மென்பொருளை எழுதி, உலகுக்குத் திறந்து வைத்தார். ஆனால் அடித்தளம் மட்டும் வீடாகிவிடாதல்லவா? கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், படம் வரையவும் வேறு மென்பொருள்கள் வேண்டும். அவற்றையெல்லாம் சேர்த்து ஒழுங்குபடுத்தித் தரும் பணியை 1993 ஆகஸ்டு 16-ஆம் நாள் அமெரிக்க மாணவர் இயன் மர்டாக் அறிவித்தார். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து, அதற்கு டெபியன் என்று பெயரிட்டார். தொண்டூழியர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். 1995-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறக்குறைய அறுபது பேர் ஆளுக்குச் சில பொதிகளைப் பொறுப்பேற்றுப் பராமரித்து வந்தனர்.

பலர் கூடிச் செய்யும் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. நம் தோட்டப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒருமுறை நாடகம் எழுதினோம். எழுதிய பிறகு இரண்டு காட்சிகளை மாற்றினோம். ஆனால் பழைய படியையும் புதிய படியையும் பிரித்துக் காட்ட எந்த அடையாளமும் போடவில்லை. ஒத்திகை நாளில் பாதிப் பிள்ளைகள் பழைய வசனத்தையும் மீதிப் பிள்ளைகள் புதிய வசனத்தையும் பேசினார்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, குற்றம் நம்முடையது. அன்று முதல் ஒவ்வொரு படியின் தலைப்பிலும் எண்ணும் தேதியும் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

நாடகத்தில் நேர்ந்தது சிரிப்போடு போயிற்று. டெபியனுக்கு நேர்ந்தது அவ்வளவு எளிதாகப் போகவில்லை.

1995-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டெபியன் தொண்டூழியர்கள் தங்கள் 1.0 பதிப்புக்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள். மென்பொருள் உலகில் 1.0 என்பது சிறப்பான எண். அதற்கு முன்னால் வருபவை 0.91, 0.93 என்று பூச்சியத்தில் தொடங்கும். இன்னும் முழுமை பெறவில்லை என்பது அதன் பொருள். 1.0 என்றால், இனி நம்பிப் பயன்படுத்தலாம் என்று பொருள். அந்தச் சமயத்தில் குறுந்தட்டு விற்பனை நிறுவனம் ஒன்று, பாதி வேலை முடிந்த நிலையிலிருந்த கோப்புகளைத் தவறுதலாகப் படியெடுத்து, டெபியன் 1.0 என்று பெயரிட்டு விற்பனைக்கு அனுப்பிவிட்டது. அதைக் காசு கொடுத்து வாங்கியவரின் கணினி சரியாகத் தொடங்குமா என்பதே ஐயமாக இருந்தது.

1995 டிசம்பர் 11-ஆம் நாள் டெபியன் அமைப்பும் அந்நிறுவனமும் சேர்ந்தே உண்மையை அறிவித்தன. அந்தத் தட்டில் இருப்பது 1.0 பதிப்பு அன்று, யாரும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றன. சரி, உண்மையான பதிப்புக்கு என்ன எண் கொடுப்பது? மீண்டும் 1.0 என்றே கொடுத்தால், உலகில் இரண்டு 1.0 இருக்கும். ஒருவர், என் 1.0 பழுதாக இருக்கிறது என்று உதவி கேட்டால், எந்த 1.0 என்று எப்படித் தெரியும்? ஆகவே அந்த எண்ணையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். 1996 ஜூன் 17-ஆம் நாள் 474 பொதிகளோடு வெளிவந்த பதிப்புக்கு 1.1 என்று எண்ணிட்டார்கள். டெபியன் 1.0 என்னும் பதிப்பு இன்றுவரை வெளிவரவில்லை, இனியும் வராது.

எத்தனை ஆண்டுகள் காத்திருந்து பெறவேண்டிய எண் அது! பெருமையைவிடத் தெளிவே பெரிது என்று அவர்கள் கருதினார்கள்.

அதோடு நிற்காமல், வேலை நடந்துகொண்டிருக்கும் தொகுப்பை எண்ணால் அழைக்காமல், பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். வெளியிடும் நாளில்தான் எண் முன்னுக்கு வரும். அப்போது டெபியனுக்குத் தலைமை தாங்கிய புரூஸ் பெரன்ஸ், டாய் ஸ்டோரி என்னும் கேலிச்சித்திரப் படத்தை எடுத்த நிறுவனத்தில் பணி புரிந்தவர். ஆகவே அப்படத்துப் பொம்மைகளின் பெயர்களையே சூட்டினார்கள். 1.1 பதிப்பின் பெயர் பஸ். படத்தில் பொம்மைகளை உடைத்து நொறுக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் சிட். முடிவு பெறாத புதுச் சரக்கெல்லாம் வந்து சேரும் பகுதிக்கு அவன் பெயரை நிலையாக வைத்துவிட்டார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, பாருங்கள்!

இன்று டெபியனில் மூன்று பகுதிகள் உள்ளன. புதிய பொதி முதலில் நிலையற்ற பகுதிக்கு வரும். அங்கே குறிப்பிட்ட சில நாட்கள் பெரும்பழுது எதுவும் தென்படாமல் இருந்தால், 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்படுத்தப்பட்ட சோதனைப் பகுதிக்கு நகரும். பின்னர் ஒரு கட்டத்தில் புது மாற்றங்களை நிறுத்திவிட்டு, பழுது நீக்கும் வேலையை மட்டும் செய்வார்கள். இதை உறைநிலை என்பர். அது முடிந்த பிறகே நிலையான பதிப்பு வெளிவரும்.

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டுரக மரத்தை வெட்டிய கைகள் நம்மிடையே உண்டு. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் தங்கள் ரகங்களுக்கு எண் கொடுத்தார்கள். பெருமளவில் நடக்கூடியவை இவை, சிறிய அளவில் சோதித்துப் பார்க்க வேண்டியவை இவை என்று பிரித்தும் சொன்னார்கள். சோதிக்காத கன்றைத் தோட்டம் முழுவதும் நட்டுவிட்டால், தவறு தெரிய ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் காலமும் உழைப்பும் போய்விடும்.

ஆனால் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. டெபியன் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வெளிவந்தது. அடுத்த 3.1 பதிப்போ 2005 ஜூனில்தான் வந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! அதற்குள் புதிய கணினிகள் சந்தைக்கு வந்துவிட்டன. பழைய பதிப்பு அவற்றோடு ஒத்துப்போகவில்லை. பயன்படுத்தியவர்கள் சலித்துக்கொண்டார்கள். இதற்கிடையே, டெபியனையே அடிப்படையாகக் கொண்ட உபுண்டு என்னும் தொகுப்பு 2004 அக்டோபரில் பிறந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று நாள் குறித்தது. ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து, 4.10 என்று எண்ணிட்டது. அந்த உபுண்டுவும் 2006-இல் ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை ஜூனுக்குத் தள்ளிவைத்து, 6.06 என்று வெளியிட நேர்ந்தது.

மூன்றாண்டு காத்திருந்த 3.1 பதிப்பாவது பழுதின்றி வந்ததா? இல்லை. வெளியான உடனேயே, அதன் குறுந்தட்டில் பாதுகாப்புத் திருத்தங்களை எங்கே தேட வேண்டும் என்று குறிக்கும் வரியில் பிழை கண்டார்கள். ஓசையில்லாமல் தட்டை மாற்றியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பிழையை வெளிப்படையாகச் சொல்லி, திருத்திய தட்டுக்கு வேறு அடையாளம் கொடுத்தார்கள். குறைகளை மறைப்பதில்லை என்று 1997-இல் அவர்கள் எழுதி ஏற்றுக்கொண்ட உறுதிமொழி அங்கே காப்பாற்றப்பட்டது.

பட்டபின் பாடமும் படித்தார்கள். இப்போது டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருகிறது. உறைநிலை தொடங்கும் காலத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வெளியீட்டு நாளைப் பழுதுகளின் நிலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். 12-ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வெளிவந்தன. 474 பொதிகளோடு தொடங்கியது, 13-ஆம் பதிப்பில் ஏறக்குறைய 70 ஆயிரம் பொதிகளாகப் பெருகியிருக்கிறது.

நேயர்களே, பதிப்பு எண் என்பது ஒரு வாக்கு. முகம் தெரியாத யாரோ ஒருவர், அந்த எண்ணை நம்பித் தம் கணினியில் ஏற்றுகிறார். அவருடைய கணக்கும் கடிதமும் பிள்ளையின் பாடமும் அதற்குள் இருக்கின்றன. வேலை முடியாமல் வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்த வாக்கில் பிழை வந்தால் ஒளிக்கவும் கூடாது. அடுத்தமுறை உங்கள் பிள்ளை கைப்பேசியில் புதிய பதிப்பு எண்ணைக் காட்டினால், வெளிவராத அந்த 1.0 பதிப்பின் கதையைச் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக் கட்டுரைக்கும் பொருந்தும் பாடம் அது.